பாஞ்சோவும் பாய்மரமும்: பீட் சீகர் ஹட்சன் ஆற்றுக்கு என்ன செய்தார்?

“பீட் சீகரை அறுபதுகளின் போர் எதிர்ப்புப் பாடகர் என்றுதான் அறிந்திருக்கிறோம். அவரைச் சுற்றுச்சூழல் போராளி என்றும் எழுதுகிறார்கள். பாட்டுப் பாடியா ஹட்சன் ஆறு சுத்தமாயிற்று?” என்பது கேள்வி. சற்றே கிண்டல் தொனித்தாலும் நியாயமான கேள்வி. பாட்டுப் பாடி ஆறு சுத்தமாகவில்லை. சட்டங்களும் வழக்குகளும் அரசு ஒதுக்கிய பணமும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்தன. ஆனால் சட்டம் வேண்டுமென்று கேட்பதற்கும், வழக்கு இழுபடும் ஆண்டுகளில் சோர்ந்துபோகாமல் இருப்பதற்கும், ஆற்றைத் தம்முடையது என்று எண்ணும் மக்கள் கரையோரத்தில் இருக்க வேண்டும். 1960-களில் ஹட்சன் கரையில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவாக இருந்தார்கள். அவர்களைப் பெருக்கியதில் சீகரின் பங்கு பெரியது. அதற்கு அவர் புதிதாக ஒரு வித்தையைக் கற்றுக்கொள்ளவுமில்லை. அதற்கு முந்தைய முப்பதாண்டுகளாக மேடையில் எதைச் செய்துவந்தாரோ அதையே ஆற்றிலும் செய்தார். ஆகவே அவருடைய இசை வாழ்க்கையைச் சொல்லாமல் ஆற்றுக் கதையைச் சொல்ல முடியாது.

1919 மே 3 அன்று நியூயார்க்கில் பிறந்தார். தந்தை சார்லஸ் சீகர் இசையியல் அறிஞர். தாய் கான்ஸ்டன்ஸ் வயலின் கலைஞர். பின்னர் சிற்றன்னையாக வந்த ரூத் கிராஃபோர்டு சீகர், இன்றும் மதிப்புடன் பேசப்படும் இசையமைப்பாளர். இப்படிச் செவ்வியல் இசையில் ஊறிய வீட்டுப் பிள்ளை நாட்டுப்புற இசைக்குத் திரும்பியது 1936-இல். அந்த ஆண்டு வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் நடந்த மலைநாட்டு நடன, நாட்டுப்பாடல் விழாவுக்குத் தந்தையுடன் போனவர், அங்கே தோல் போர்த்திய வட்ட முகமும் நீண்ட கழுத்தும் கொண்ட ஐந்து தந்திப் பாஞ்சோவைக் கேட்டார். அதன்பின் அந்த வாத்தியத்தை அவர் விடவே இல்லை. ஹார்வர்டில் படிப்பைப் பாதியில் நிறுத்தினார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டுப்பாடல் ஆவணக் காப்பகத்தில், நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்சிடம் உதவியாளராக இருந்து, வயல்களிலும் சிறைகளிலும் சுரங்க ஊர்களிலும் பதிவு செய்யப்பட்ட இசைத்தட்டுகளை நாள் முழுக்கக் கேட்கும் வேலையைச் செய்தார். அவர் பெற்ற உண்மையான கல்வி அதுதான் என்பேன்.

1940 மார்ச்சில், புலம்பெயர்ந்த விவசாயத் தொழிலாளருக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றில் நாட்டுப்பாடகர் வுடி கத்ரியைச் சந்தித்தார். கத்ரியுடன் ஊர் ஊராகச் சுற்றியதில், தொழிற்சங்கக் கூட்டத்திலும் சாராயக் கடையிலும் முன்பின் அறியாதவர்களைப் பாட வைக்கும் வழக்கம் கைவந்தது. 1941-இல் இருவரும் அல்மனாக் சிங்கர்ஸ் என்ற குழுவில் சேர்ந்து பாடினார்கள். இரண்டாம் உலகப் போரில் சீகர் பசிபிக் பகுதிக்கு அனுப்பப்பட்டார். போருக்கு நடுவே 1943-இல் தோஷி ஓட்டாவை மணந்தார். ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த தோஷியைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்ல வேண்டும்.

1949-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. நியூயார்க்குக்கு வடக்கே, பீக்கன் ஊருக்கருகில், ஹட்சன் ஆற்றைப் பார்த்த மலைச்சரிவில் ஏறத்தாழ 17 ஏக்கர் நிலத்தைச் சீகர் தம்பதி வாங்கினார்கள். கையில் இருந்த பணம் நிலத்துக்கே சரியாகப் போனதால், மரம் வெட்டி, நூலகப் புத்தகங்களைப் பார்த்துக் கற்று, தாங்களே மரக்கட்டை வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று, பீக்ஸ்கில் அருகே, இடதுசாரியான கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன் பாடிய நிகழ்ச்சியில் சீகரும் பாடினார். நிகழ்ச்சி முடிந்து வெளியேறிய வண்டிகள்மீது, சாலையின் இருபுறமும் நின்ற கம்யூனிஸ்டு எதிர்ப்புக் கூட்டம் கல்லெறிந்தது. மனைவியும் கைக்குழந்தைகளும் இருந்த சீகரின் காரின் கண்ணாடிகள் நொறுங்கின. வண்டிக்குள் விழுந்த கற்களில் சிலவற்றை அவர் பத்திரப்படுத்தி, கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கணப்புப் புகைபோக்கியில் வைத்துப் பூசினார். எறிந்த கல்லைத் தூக்கிப் போடாமல் வீட்டுச் சுவருக்குள் வைத்துக் கட்டிய மனிதர் இவர் என்பதை நினைவில் கொண்டால், அவருடைய பிற்கால முடிவுகள் பலவும் விளங்கும்.

லீ ஹேஸ், ரானி கில்பர்ட், ஃபிரெட் ஹெல்லர்மன் ஆகியோருடன் அவர் பாடிய வீவர்ஸ் குழு, 1950-இல் கறுப்பின நாட்டுப்பாடகர் லெட்பெல்லியின் ‘குட்நைட், ஐரீன்’ பாடலைப் பதிவு செய்தது. அந்த இசைத்தட்டு 13 வாரங்கள் விற்பனையில் முதலிடத்தில் இருந்தது. நாட்டுப்பாடல் இப்படிப் பெருஞ்சந்தைக்குள் நுழைந்தது அதுவரை கண்டிராத சங்கதி. ஆனால் குழுவினரின் இடதுசாரித் தொடர்புகள் வெளியே பேசப்பட்டதும், விடுதிகளும் வானொலி நிலையங்களும் தொலைக்காட்சியும் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. 1952-இல் வீவர்ஸ் கலைந்தது. மூன்றாண்டு கழித்து கார்னகி அரங்கில் மீண்டும் கூடிப் பாடினார்கள். சிகரெட் விளம்பரம் ஒன்றுக்குப் பாட மற்றவர்கள் ஒப்புக்கொண்டதையொட்டிப் பின்னர் சீகர் விலகிக்கொண்டார்.

1955 ஆகஸ்ட் 18 அன்று, ‘அமெரிக்க விரோத’ நடவடிக்கைகளை விசாரிக்கும் பிரதிநிதிகள் அவைக் குழுவின் முன் அவர் நிறுத்தப்பட்டார். அக்காலத்தில் இப்படி அழைக்கப்பட்டவர்கள், தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லாதிருக்க உரிமை தரும் ஐந்தாம் திருத்தத்தைக் காட்டி வாய்மூடி இருப்பது வழக்கம். அதில் சிறைத் தண்டனைக்கு வாய்ப்புக் குறைவு. சீகர் அந்தப் பாதுகாப்பை வேண்டாமென்றார். என் அரசியலையோ சமயத்தையோ நண்பர்களையோ பற்றி எந்த அமெரிக்கரையும் இப்படிக் கேட்பது முறையல்ல என்பதே அவர் நிலை; கேட்டால் பாடல்களைப் பாடிக் காட்டுகிறேன், யாருக்காகப் பாடினேன் என்று சொல்லமாட்டேன் என்றார். குழு பாட்டைக் கேட்க விரும்பவில்லை. 1957-இல் நாடாளுமன்ற அவமதிப்புக் குற்றச்சாட்டு பதிவாயிற்று. 1961-இல் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1962 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றப்பத்திரிகையே குறையுடையது என்று அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. ஏழாண்டுகள் வழக்கு தலைக்குமேல் தொங்கிய நிலையில்தான் அவர் தம் புகழ்பெற்ற பாடல்கள் சிலவற்றை எழுதினார்.

இடதுசாரிகளுக்கு மேடை தர மறுத்த கறுப்புப் பட்டியல் அவரை ஒழித்துவிடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். பெரிய அரங்குகள் மூடப்பட்டதும் அவர் பள்ளிக்கூடங்களுக்கும், கோடை முகாம்களுக்கும், தேவாலயக் கூடங்களுக்கும், 1950-களின் நடுவிலிருந்து கல்லூரி வளாகங்களுக்கும் போனார். ஊருக்குள் சத்தமில்லாமல் வந்து, உள்ளூர் வானொலியில் இரண்டு பாட்டுப் பாடி, எதிர்ப்பாளர்கள் கூடுவதற்குள் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். கூலி சொற்பம். ஆனால் அந்தச் சிறிய கூட்டங்களில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தாம் அறுபதுகளில் கிதாரைத் தூக்கினார்கள்.

அவர் மேடையில் செய்ததைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஒல்லியான நெடிய உருவம்; தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தொண்டைக் குமிழ் தெரிய, வானத்தைப் பார்த்தபடி பாடுவார். பாஞ்சோவின் கழுத்தைத் தம் குரலுக்கேற்ப நீட்டி, அதில் விரல் வைக்கும் கட்டைகள் மூன்றைக் கூட்டிச் செய்துகொண்டிருந்தார். அந்த நீண்ட கழுத்துப் பாஞ்சோ பின்னர் பலரும் வாங்கும் வகையாயிற்று. அதன் தோல்முகத்தில், இந்தக் கருவி வெறுப்பைச் சூழ்ந்துகொண்டு சரணடைய வைக்கிறது என்ற பொருளில் ஒரு வாசகத்தை எழுதியிருந்தார். கத்ரி தம் கிதாரில் எழுதியிருந்ததோ பாசிஸ்டுகளைக் கொல்லும் கருவி என்று. சீகர் பாட்டின் முதல் அடியைத் தாம் பாடிவிட்டு, அடுத்த அடி வருவதற்கு ஒரு நொடி முன்பாக அதை வேகமாகப் பேச்சுக் குரலில் எடுத்துக் கொடுப்பார். கூட்டம் அதைப் பாடும். இந்தப் பக்கத்தாருக்குக் கீழ்க்குரல், அந்தப் பக்கத்தாருக்கு மேற்குரல் என்று பிரித்துவிட்டு, மூன்றாவது சரணத்தில் தாம் பாடுவதையே நிறுத்திவிடுவார். பாட்டு தொடரும். பாடகராக அவருடைய குரல் அப்படியொன்றும் அபாரமானதல்ல. ஆயிரம் பேரின் கூச்சத்தைப் பத்து நிமிடத்தில் போக்கும் திறனில்தான் அவருக்கு இணை இல்லை.

அவர் எழுதிய பாடல்களுக்கும் இந்தக் குணம் உண்டு. ‘வேர் ஹேவ் ஆல் த ஃப்ளவர்ஸ் கான்’ பாடலுக்கான பொறி, ரஷ்ய எழுத்தாளர் மிகயீல் ஷோலகோவின் நாவலில் வரும் ஒரு கோசாக்கியத் தாலாட்டிலிருந்து கிடைத்தது. 1955-இல் அவர் எழுதியது மூன்று சரணம்தான். பின்னர் ஜோ ஹிக்கர்சன் சேர்த்த சரணங்களால்தான் அது பூவில் தொடங்கிப் பூவிலேயே வந்து முடியும் வட்டமாயிற்று. ‘இஃப் ஐ ஹேட் எ ஹேமர்’ லீ ஹேசுடன் சேர்ந்து எழுதியது. இன்று எல்லோரும் பாடுவது பீட்டர், பால் அண்ட் மேரி குழுவினர் மாற்றிக்கொண்ட மெட்டு. ‘டர்ன்! டர்ன்! டர்ன்!’ பாடலின் சொற்கள் ஏறத்தாழ முழுவதும் விவிலியத்தின் பிரசங்கி நூலிலிருந்து வந்தவை. 1965-இல் பேர்ட்ஸ் குழு அதை முதலிடத்துக்குக் கொண்டுபோனது. ‘வீ ஷல் ஓவர்கம்’ இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. கறுப்பினத் தேவாலயங்களில் ஊறி, 1945-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் புகையிலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் பாடப்பட்டு, தொழிற்சங்கத்தாருக்குப் பயிற்சி தந்த டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியில் சில்ஃபியா ஹார்ட்டன் கற்றுக்கொடுத்து, சீகர் சில சரணங்களைச் சேர்த்து, கை கேரவன் 1960-இல் மாணவர் இயக்கத்துக்குக் கற்பித்து, பிறகு உலகமெல்லாம் போனது. நம்மூர்ப் பள்ளி இறைவணக்கத்தில் பலரும் பாடியிருக்கக்கூடிய ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ அதன் இந்தி வடிவம். அந்தப் பாட்டின் உரிமைத் தொகை தனியாருக்குப் போகாமல் ஹைலேண்டர் பள்ளியின் நிதிக்குப் போகும்படி ஏற்பாடு செய்யப்பட்டது.

பாட்டு பொதுச் சொத்து என்ற இந்த எண்ணத்துக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரியல்ல. வீவர்ஸ் ‘விமோவே’ என்று பாடியது, தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939-இல் பதிவு செய்த ‘ம்பூபே’. பழைய நாட்டுப்பாடல் என்று நினைத்து எடுத்துக்கொண்டதன் பின், அதை ஆக்கிய மனிதர் உயிருடன் இருக்கிறார் என்று தெரிந்ததும், சீகர் லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பச் செய்தார். தம் பங்கு அவருக்குப் போகிறது என்று நம்பி அதோடு விட்டுவிட்டார். வெளியீட்டாளர்களின் கணக்கோ வேறு விதமாக இருந்தது. லிண்டா 1962-இல் வறுமையிலேயே இறந்தார். அவருடைய மகள்களுக்கு நியாயமான தொகை கிடைக்க 2006 வரை ஆயிற்று. சரிபார்த்திருக்க வேண்டியது தம் கடமை என்று சீகரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

இனி ஆறு. ஹட்சன், அடிராண்டாக் மலைகளில் தோன்றி ஏறத்தாழ 507 கிலோமீட்டர் ஓடி நியூயார்க் துறைமுகத்தில் கடலில் கலக்கிறது. கடலின் ஏற்றவற்றம் உள்ளே டிராய் நகர்வரை, கிட்டத்தட்ட 245 கிலோமீட்டர் தொலைவு எட்டுகிறது. ஆகவே கீழ்ப்பகுதியில் கொட்டப்படும் கழிவு கடலுக்கு ஒரேயடியாகப் போய்விடாது. போய், திரும்பி வந்து, மீண்டும் போகும். 1960-களில் கரையோர ஊர்கள் பலவும் சாக்கடையை நேராக ஆற்றில் விட்டன. மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியிலிருந்து மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கோடி கேலன் கழிவுநீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆற்றில் இறங்கியது. டாரிடவுன் கார்த் தொழிற்சாலையில் அன்று எந்த நிறத்தில் வண்டிகளுக்குச் சாயம் பூசுகிறார்களோ, அந்த நிறத்தில் அங்கே தண்ணீர் ஓடும் என்று கரையோரத்தார் சொல்வார்கள். கரைகள் இரண்டிலும் ரயில் பாதை ஓடியதால் ஊர் மக்களுக்குத் தண்ணீரண்டை போக வழியே இல்லாத இடங்கள் நிறைய. ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்கள் வாழ்ந்தன.

சீகர் அறுபதுகளின் தொடக்கத்தில் சிறியதொரு பாய்ப் படகை வாங்கி ஆற்றில் ஓட்டக் கற்றுக்கொண்டார். மாலை வெயிலில் தண்ணீர் பொன்னாக மின்ன, படகின் பக்கத்திலேயே மலக்கட்டிகள் மிதந்துபோகும். இரண்டையும் அவர் சொல்லியிருக்கிறார். பூச்சிக்கொல்லிகளின் கேட்டை எடுத்துக்காட்டிய ரேச்சல் கார்சனின் ‘சைலன்ட் ஸ்பிரிங்’ நூல் 1962-இல் வெளிவந்தபோது படித்து அதிர்ந்துபோனவர்களில் அவரும் ஒருவர். சமூகத்தில் நியாயம் வந்துவிட்டால் மற்றவை தாமாகச் சரியாகும் என்று அதுவரை நம்பியவருக்கு, பங்கிட்டுக்கொள்வதற்கு நஞ்சாகிப்போன பூமிதான் மிஞ்சும் என்ற எண்ணம் அந்நூலால்தான் வந்தது. 1966-இல் வெளியான ‘காட் பிளெஸ் த கிராஸ்’ என்ற தொகுப்பு முழுவதும் இயற்கையையும் சூழல் கேட்டையும் பற்றிய பாடல்கள். தலைப்புப் பாட்டு மால்வினா ரெனால்ட்சுடையது, ஹட்சனின் அழுக்கைப் பற்றிய ‘மை டர்ட்டி ஸ்ட்ரீம்’ சீகருடையது. சுற்றுச்சூழல் என்ற சொல்லே அரசியல் மேடைக்கு வராத காலத்தில் ஒரு பெரிய நிறுவனம் அப்படியொரு தொகுப்பை வெளியிட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்த நாட்களில் அயலூர் நண்பரான விக் ஷ்வார்ஸ், ஹட்சனின் ஸ்லூப் கப்பல்களைப் பற்றி 1908-இல் அச்சான பழைய நூல் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். ஸ்லூப் என்பது ஒற்றைப் பாய்மரச் சரக்குக் கப்பல். நீராவிக் கப்பலும் ரயிலும் வருமுன் இந்த ஆற்றில் நூற்றுக்கணக்கில் ஓடியவை. பிறகு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதேபோல் ஒன்றைக் கட்டினால் என்ன என்று சீகர் கேட்டார். வியட்நாமில் குண்டு விழுகிறது, தெற்கே கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தில் ஆட்கள் சாகிறார்கள், இவர் விளையாட்டுக் கப்பல் கட்டப் போகிறாராம் என்று தோழர்களே முகம் சுளித்தார்கள். அவர் கணக்கு வேறு: ஆறு அழுக்காக இருக்கிறது என்று துண்டுப் பிரசுரம் கொடுத்தால் யாரும் வரமாட்டார்கள், அழகான கப்பல் ஒன்று கரையில் வந்து நின்றால் எல்லோரும் வருவார்கள், வந்தபின் தண்ணீரைத் தாங்களே பார்ப்பார்கள்.

1966-இல் அமைப்பு ஒன்று பதிவாயிற்று. கரையோரத் தோட்டங்களில் நடந்த சிறு கச்சேரிகளில் பாஞ்சோ உறையைத் திறந்துவைத்து நிதி திரட்டினார்கள். சைரஸ் ஹேம்லின் வடிவமைக்க, மேய்ன் மாநிலத்துச் சவுத் பிரிஸ்டலில் ஹார்வி கேமேஜ் தளத்தில் கட்டி முடிக்கப்பட்ட கப்பல் 1969 மே 17 அன்று நீரில் இறங்கியது. பெயர் ‘கிளியர்வாட்டர்’. அமைப்பும் பின்னர் அந்தப் பெயராலேயே அறியப்பட்டது. நீளம் 106 அடி, பாய்மரத்தின் உயரம் 108 அடி. கடன் பாக்கி இருந்தது. எனவே முதல் பயணத்தின் மாலுமிகளில் பெரும்பாலோர் பாடகர்கள். டான் மக்லீன், ராம்ப்ளின் ஜாக் எலியட், லூ கில்லன் போன்றவர்கள். துறைமுகம் துறைமுகமாக நிறுத்திக் கச்சேரி செய்து, வசூலைக் கடனுக்குக் கட்டியபடி அந்தக் கோடையில் நியூயார்க் வந்து சேர்ந்தார்கள்.

வரவேற்பு எல்லா இடத்திலும் இனிமையாக இருக்கவில்லை. கரையோர ஊர்களில் பலருக்குச் சீகர் இன்னும் ‘கம்யூனிஸ்டுப் பாடகன்’தான். அமைப்புக்கு நன்கொடை தந்த வசதியான குடும்பத்தார் சிலரும், கப்பல் நல்லது, ஆனால் இவருடைய அரசியல் கப்பலை மூழ்கடித்துவிடும் என்று அஞ்சினார்கள். அவர் விலக வேண்டும் என்ற பேச்சு உள்ளேயே எழுந்தது. அவர் முன்னிலையிலிருந்து கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்துகொண்டாரே தவிர கப்பலை விட்டுப் போகவில்லை. மீன்பிடித் தொழிலாளி, ஆலைத் தொழிலாளி, குடியரசுக் கட்சிக்காரர், தலைமயிர் வளர்த்த மாணவர் எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தால்தான் பெரும் பாய் மேலே ஏறும். அவர் மேடையில் குரல்களைப் பிரித்துக் கொடுத்த அதே கலைதான் இங்கும் நடந்தது.

கப்பலில் இன்றும் நடக்கும் பாடத்தைச் சொன்னால் அதன் பயன் விளங்கும். பள்ளிப் பிள்ளைகள் ஏறியவுடன் கயிற்றைக் கையில் கொடுத்து, தாளத்துக்கு இழுக்கச் சொல்வார்கள். பிறகு வலையை இறக்கி இழுத்து, அகப்பட்ட மீன், நண்டு, விலாங்கு ஆகியவற்றைத் தொட்டியில் விட்டுக் காட்டி, பெயர் சொல்லி ஆற்றிலேயே திருப்பி விடுவார்கள். ஒரு சொட்டு நீரை நுண்ணோக்கியில் வைத்து மிதவை உயிரிகளைப் பார்க்க வைப்பார்கள். சுக்கான் பிடிக்கவும் முறை வரும். ஐந்து லட்சம் பேருக்கு மேல் இப்படி ஏறி இறங்கியிருக்கிறார்கள் என்பது அமைப்பின் கணக்கு. வகுப்பறைக்குப் பதிலாகக் கப்பலைப் பயன்படுத்தும் அமைப்புகள் பிற்பாடு வேறு நீர்நிலைகளிலும் தோன்றியதற்கு இது முன்மாதிரி.

பாடத்தோடு நிற்கவுமில்லை. எழுபதுகளில், எந்தக் குழாயிலிருந்து என்ன வெளியேறுகிறது என்று கரையோரமாக நடந்து கண்காணிக்கும் வேலையை அமைப்பு தொடங்கியது. பீக்கனிலேயே இருந்த ஒட்டுநாடா ஆலை ஒன்று அதில் அகப்பட்டு வழக்கைச் சந்தித்தது. அந்தக் கண்காணிப்பில் ஈடுபட்ட ஜான் கிரோனின், 1983-இல் ஆற்றின் முழுநேரக் காவலராக, அதாவது ‘ரிவர்கீப்பராக’ ஆனார். அவரை ஆற்று வேலைக்கு இழுத்துவந்தவர் சீகர்.

இந்த இடத்தில் மற்றவர்களுக்கு உரிய பங்கைக் கொடுத்துவிட வேண்டும். ஸ்டார்ம் கிங் மலையைக் குடைந்து மின்நிலையம் கட்டும் திட்டத்தை எதிர்த்து 1963-இல் உருவான சீனிக் ஹட்சன் அமைப்பு, பொருளிழப்பு இல்லாவிட்டாலும் இயற்கை அழகைக் காக்க மக்கள் வழக்குத் தொடரலாம் என்ற 1965-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பெற்றது. அமெரிக்கச் சூழல் சட்டத்தின் அடித்தளம் அதுதான். 1966-இல் ராபர்ட் பாயிலும் குரோட்டன் பகுதி மீனவர்களும் தொடங்கிய சங்கம், 19-ஆம் நூற்றாண்டிலேயே இயற்றப்பட்டு எல்லோரும் மறந்துபோயிருந்த கழிவுத் தடைச் சட்டங்களைத் தோண்டியெடுத்து, ரயில் நிறுவனத்தின் எண்ணெய்க் குழாய்மீது பாய்ந்தது. மாநில அரசு 1965-இல் 100 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்காளரின் ஒப்புதலைப் பெற்றது. 1972-இல் அதிபர் நிக்சனின் மறுப்பாணையையும் மீறி நாடாளுமன்றம் தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. இவை இல்லாவிட்டால் கிளியர்வாட்டர் அழகான கப்பலாக மட்டுமே இருந்திருக்கும். மன்ஹாட்டன் மேற்குக் கரையின் சுத்திகரிப்பு நிலையம் 1986-இல்தான் இயங்கத் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டைவிடக் கான்கிரீட்டுக்குக் காலம் கூடப் பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட நீண்டது பி.சி.பி. என்ற தொழிற்சாலை வேதிப்பொருளுக்கு எதிரான போராட்டம். ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்டு ஆகிய ஊர்களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மின்தேக்கி ஆலைகள் 1947 முதல் 1977 வரை ஆற்றில் விட்ட பி.சி.பி. ஏறத்தாழ 590 டன் இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. சேற்றில் படிந்து, மீனின் கொழுப்பில் சேரும். 1976-இல் வரிகள் கொண்ட பாஸ் மீன்களை விற்பனைக்குப் பிடிப்பதற்குத் தடை வந்து, தலைமுறைகளாக நடந்த மீன்பிடித் தொழில் படுத்தது. சாக்கடையை நிறுத்தினால் ஆறு தானே கழுவிக்கொள்ளும், இது அப்படிப் போகாது. சேற்றை அள்ள வேண்டும் என்று கிளியர்வாட்டரும் மற்ற அமைப்புகளும் விடாமல் கேட்டன. அள்ளினால் கலங்கி மோசமாகும் என்றது நிறுவனம். 2002-இல் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமை அள்ளும்படி முடிவெடுத்தது. 2009 முதல் 2015 வரை ஏறத்தாழ 21 லட்சம் கன மீட்டர் வண்டல் அள்ளப்பட்டது. சீகர் பணி முடிவதற்கு ஏறத்தாழ இரண்டாண்டு முன் காலமானார். பல பகுதிகளின் மீனை உண்பதற்கு எச்சரிக்கை அதன்பின்னும் நீங்கவில்லை.

தோஷியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். சீகரின் நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்தது, கடிதங்களுக்குப் பதில் போட்டது, தொடக்கத்தில் தண்ணீரும் மின்சாரமும் இல்லாதிருந்த மரக்கட்டை வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்தது எல்லாம் அவர். நிதி திரட்டும் சிறு கச்சேரிகளாகத் தொடங்கி, குரோட்டன் முனைப் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடிய திருவிழாவாக வளர்ந்த ஹட்சன் ஆற்று விழாவை நடத்திக் காட்டியவரும் அவரே. கணவர் ‘இதைச் செய்யலாமே’ என்பார். எப்படி, எத்தனை பேருக்குச் சாப்பாடு, எத்தனை கழிப்பறை என்று தோஷி கணக்குப் போடுவார். சீகரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுபவர்கள் இந்தக் கணக்கை அடிக்குறிப்பாக வைத்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

அரசியலில் அவர் தடுமாறியதையும் சொல்ல வேண்டும். இளமையில் கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தார். 1940-களின் இறுதியை ஒட்டி விலகினார். ஆனாலும் ஸ்டாலினின் கொடுமைகளைப் பற்றி வாய் திறக்க அவருக்கு வெகுகாலம் பிடித்தது. பிறகு வருத்தம் தெரிவித்தார், 2007-இல் அதைப் பற்றிப் பாட்டே எழுதினார். தாமதம் தாமதம்தான். அதேசமயம், வியட்நாம் போரை மறைமுகமாகத் தாக்கிய ‘வேஸ்ட் டீப் இன் த பிக் மடி’ பாட்டை 1967-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி தன் நிகழ்ச்சி ஒன்றிலிருந்து வெட்டியபோதும் அவர் குழைந்து போகவில்லை; சில மாதங்களில் 1968 பிப்ரவரியில் அதே நிகழ்ச்சியில் அதைப் பாடினார்.

1994-இல் தேசியக் கலைப் பதக்கம் கிடைத்தது. 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்பையொட்டி லிங்கன் நினைவகத்தின் முன் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுடன் கத்ரியின் ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ பாடலைப் பாடினார்; வழக்கமாக விட்டுவிடப்படும் தனியுடைமை எதிர்ப்புச் சரணத்தையும் சேர்த்தே பாடினார். அதே ஆண்டு மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த அவருடைய 90-ஆம் பிறந்தநாள் கச்சேரியின் வருமானம் கப்பலுக்குப் போனது. பீக்கன் கரையில் பிள்ளைகள் ஆற்று நீரிலேயே பாதுகாப்பாகக் குளிக்க, வலைத் தரையுள்ள சிறிய மிதக்கும் குளம் ஒன்று 2007-இல் திறக்கப்பட்டதற்கும் அவருடைய நச்சரிப்புதான் காரணம். 2013 ஜூலையில் தோஷி இறந்தார். இரண்டே மாதத்தில், 94 வயதில், சரடோகா ஸ்பிரிங்சில் விவசாயிகளுக்கு நிதி திரட்டும் ஃபார்ம் எய்டு கச்சேரி மேடைக்கு வந்து, பாறையைப் பிளந்து எரிவாயு எடுப்பதை நியூயார்க் மாநிலம் அனுமதிக்கக் கூடாது என்று கத்ரியின் பாட்டுக்கே ஒரு சரணம் கட்டிப் பாடினார். 2014 ஜனவரி 27 அன்று காலமானார். அந்த ஆண்டு டிசம்பரில் மாநில அரசு அத்தொழிலுக்குத் தடை அறிவித்தது.

கேட்டுப் பார்க்க விரும்புவோருக்கு: ஆற்றுப் பாடல்களுக்கு 1966-ஆம் ஆண்டின் ‘காட் பிளெஸ் த கிராஸ்’ முதலில். கூட்டத்தைப் பாடவைக்கும் கலையை அறிய 1963 ஜூன் 8-இல் கார்னகி அரங்கில் நடந்த கச்சேரியின் ஒலிப்பதிவு. பீக்கன் பள்ளிப் பிள்ளைகளுடன் பாடி, 2011-இல் குழந்தைகளுக்கான தொகுப்புப் பிரிவில் கிராமி வாங்கிய ‘டுமாரோஸ் சில்ட்ரன்’ தொகுப்பில் அவர் குரல் தேய்ந்துபோயிருக்கிறது; பிள்ளைகள்தாம் பாடுகிறார்கள், அவர் அடி எடுத்துக் கொடுக்கிறார்.